கடும் வைரஸ் காய்ச்சலில் ரத்தசோகையும் இரும்புச்சத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சென்னையின் காய்ச்சல் வார்டுகள் நிறையும் மாதங்களில், நோயாளியுடன் தங்கியிருக்கும் உறவினரின் கைக்குத் தினம் ஒரு லேப் ரிப்போர்ட் வந்து சேருகிறது. அதில் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் படிக்க இந்த ஊரில் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். டெங்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது. ஹீமோகுளோபின், சீரம் அயர்ன், ஃபெரிட்டின் ஆகிய மூன்று வரிகள்தாம் குழப்புகின்றன, ஏனெனில் அவை ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றுகின்றன. அந்த மூன்று வரிகளைப் பற்றிப் பொதுவாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சிகிச்சை முடிவு உங்கள் மருத்துவருடையது. அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவக்கூடும்.

ஒரே ரிப்போர்ட்டில் சீரம் அயர்ன் மிகக் குறைவாகவும் ஃபெரிட்டின் மிக அதிகமாகவும் இருக்கிறது. இரும்பு குறைவா, அதிகமா?

இரண்டு எண்களும் சரியாகவே இருக்கலாம்; அவை அளப்பது வேறு வேறு இடங்களை. வளர்ந்த ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது. ரத்த ஓட்டத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் மேல் ஏறிப் பயணம் செய்துகொண்டிருப்பது எந்த நேரத்திலும் சில மில்லிகிராம்தான். சீரம் அயர்ன் என்று ரிப்போர்ட்டில் வருவது இந்தச் சில மில்லிகிராமை மட்டும் குறிக்கிறது.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். குடோனில் மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருக்க, கடையில் ஸ்டாக் இல்லை என்ற பலகை தொங்குவது நமக்குப் புதிதல்ல. கடும் தொற்றில் உடலும் அதையே செய்கிறது. வேறுபாடு என்னவென்றால், இங்கே குடோனைப் பூட்டியது யாருடைய அலட்சியமும் அல்ல, உடலே திட்டமிட்டுச் செய்த காரியம்.

உடல் எதற்காகத் தன் இரும்பையே தனக்குப் பூட்டிக்கொள்கிறது?

கிருமிகள் பெருக இரும்பு தேவை. தொற்று வந்ததும், கிருமிக்கு எட்டாதபடி இரும்பை ரத்தத்திலிருந்து விலக்கிவைப்பது மிகப் பழமையான ஒரு தற்காப்பு. பாக்டீரியாவுக்கு எதிராக இதன் பயன் நேரடியானது. வைரஸ் தானாக வாழ்வதில்லை என்றாலும், அது புகுந்துகொள்ளும் நமது செல்லின் இயந்திரங்களுக்கு இரும்பு வேண்டியிருப்பதால், வைரஸ் தொற்றிலும் இதே எச்சரிக்கை மணி அடிக்கிறது.

பூட்டுச் சாவி கல்லீரலிடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்டறியப்பட்ட ஹெப்சிடின் என்ற சிறிய ஹார்மோன், வெறும் 25 அமினோ அமிலங்களால் ஆனது. நமது செல்களிலிருந்து இரும்பு வெளியேறுவதற்கு உள்ள ஒரே வாசல் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அந்த வாசலில் ஒட்டிக்கொண்டு, அதை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுகிறது. தொற்றின்போது சுரக்கும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருள் ஹெப்சிடினைப் பெருக்குகிறது. தன்னார்வலர்களுக்கு இந்தப் பொருளைச் செலுத்திப் பார்த்தபோது, சில மணி நேரத்திலேயே ஹெப்சிடின் உயர்ந்து சீரம் அயர்ன் சரிந்தது 2004இல் வெளியான ஆய்வில் பதிவாகியுள்ளது.

வாசல் மூடியதும் இரண்டு வழிகள் ஒருசேர அடைபடுகின்றன. குடலிலிருந்து நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பு வருவது நிற்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு வேறு: முதிர்ந்த சிவப்பணுக்களை உடைத்து நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை மறுசுழற்சி செய்யும் மேக்ரோஃபேஜ் செல்கள், அந்த இரும்பைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. புது ரத்தம் உற்பத்தி செய்ய வேண்டிய மஜ்ஜை கைகட்டி நிற்கிறது.

இதனால்தான் மூன்றே நாளில் ஹெச்.பி. (ஹீமோகுளோபின்) 12இலிருந்து 9க்கு இறங்கிவிட்டதா?

இல்லை, இந்தக் கேள்வியை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். புதிய உற்பத்தி முழுவதுமாக நின்றுபோனால்கூட, ஒரு நாளைக்குக் குறைவது ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான அளவுதான். அழற்சி சிவப்பணுவின் ஆயுளையும் ஓரளவு குறைக்கிறது, மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொயட்டினையும் மட்டுப்படுத்துகிறது. இவற்றைச் சேர்த்துக்கொண்டாலும் இறக்கம் வாரக்கணக்கில்தான் தெரியும். மூன்று நாளில் 3 கிராம் சரிந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: எங்கோ ரத்தக் கசிவு இருக்கலாம், சிவப்பணுக்கள் உடைபடலாம், அல்லது டிரிப்ஸ் ஏற்றியதில் ரத்தம் நீர்த்துப்போயிருக்கலாம். ‘காய்ச்சல் என்றால் ரத்தம் குறையத்தானே செய்யும்’ என்று சொல்லி அதைக் கடந்துபோகக் கூடாது.

சிவப்பணு உடைபடுவதற்கும் பல வழிகள் உண்டு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குத் தொற்றே அதைத் தூண்டலாம், சில மாத்திரைகளும் தூண்டலாம். எப்ஸ்டீன்-பார் வைரஸ், கொரோனா போன்ற தொற்றுகளுக்குப் பின் சிலருக்கு உடலின் எதிர்ப்புப் புரதங்களே தம் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. கண் மஞ்சளாவதும், சிறுநீர் காபி டிக்காஷன் நிறத்தில் போவதும் அதன் அடையாளங்கள்.

டெங்குவில் ஹெச்.பி. ஏறுவதுதான் ஆபத்து என்கிறார்களே?

உண்மைதான், டெங்குவின் கணக்கு தனி. காய்ச்சல் இறங்கத் தொடங்கும் நாள்களில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், ரத்தக் குழாய்களின் சுவர் வழியாக பிளாஸ்மா நீர் வெளியே கசிகிறது. நீர் போய் அணுக்கள் மிஞ்சுவதால் ரத்தம் கெட்டியாகி, ஹீமோகுளோபினும், பி.சி.வி. என்று எழுதப்படும் ஹெமட்டோகிரிட்டும் உயர்கின்றன. நோயாளியின் வழக்கமான அளவைவிட ஹெமட்டோகிரிட் 20 சதவீதம் கூடினால் அது கசிவின் முக்கிய அடையாளம்.

ரத்தசோகை உள்ளவர்களுக்கு இங்கே ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. வழக்கமாக ஹெமட்டோகிரிட் 30 உள்ள ஒரு பெண்ணுக்கு அது 37 ஆகிவிட்டால், ரிப்போர்ட்டில் அது ‘நார்மல்’ என்ற எல்லைக்குள் வந்துவிடும். வீட்டார் ‘ரத்தம் ஊறிவிட்டது’ என்று மகிழ்ந்துவிடுவார்கள். உண்மையில் அது இருபது சதவீதத்துக்கும் மேற்பட்ட ஏற்றம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதால், இது எங்கோ ஒருவருக்கு நேரும் விஷயமல்ல. ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டும் பழைய சி.பி.சி. ரிப்போர்ட் ஒன்று வீட்டில் இருந்தால், அது கர்ப்ப காலத்தில் எடுத்ததோ, வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்ததோ எதுவானாலும், மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒப்பிட அந்த ஒரு தாள் போதும்.

கசிவு நின்ற பிறகு, வெளியேறிய நீர் ரத்தத்துக்குத் திரும்புவதால் ஹெச்.பி. இறங்கும். நோயாளி தெளிவாக இருந்து, பசியெடுத்து, சிறுநீர் நன்றாகப் போனால் இந்த இறக்கம் குணமாவதன் அறிகுறி. கை கால் சில்லிட்டு, நாடி வேகமாகி, வயிறு வலிக்கும்போது அதே இறக்கம் வந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். எண் ஒன்றுதான், கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்த்துத்தான் அதன் அர்த்தத்தைச் சொல்ல முடியும்.

ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. ஆனாலும் நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஏன்?

2020இலும் 2021இலும் இந்த ஊரில் ஏராளமான வீடுகள் வாங்கிவைத்த அந்தச் சிறு கருவி, இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். மொத்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. பத்து பஸ் ஓட வேண்டிய தடத்தில் ஐந்து பஸ் மட்டும் ஓடி, ஐந்திலும் சீட் நிறைந்திருந்தால், அந்தக் கருவி ‘முழுவதும் நிறைந்திருக்கிறது’ என்றுதான் சொல்லும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கிறது. ஆகவே 98 சதவீதத்தில் ஹெச்.பி. 14 உள்ளவரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 18 மில்லிலிட்டர் ஆக்சிஜனும், ஹெச்.பி. 7 உள்ளவரிடம் சுமார் 9 மில்லிலிட்டரும் இருக்கும். நுரையீரலில் நிமோனியாவும் சேர்ந்துகொண்டால், ரத்தசோகை உள்ளவரிடம் தாக்குப்பிடிக்கும் இருப்பு மிகக் குறைவு.

எல்லா வைரஸும் ரத்தத்தை இப்படித்தான் பாதிக்கின்றனவா?

இல்லை. பார்வோவைரஸ் பி19, மஜ்ஜையில் சிவப்பணுவாக வளர வேண்டிய இளஞ்செல்களையே நேராகத் தாக்கி, ஒரு வாரம் பத்து நாளுக்கு உற்பத்தியை நிறுத்திவிடும். ஆரோக்கியமானவர் அதை உணர்வதுகூட இல்லை. அரிவாள்செல் நோயோ தலசீமியாவோ உள்ள குழந்தைக்கு, சிவப்பணுவின் ஆயுளே குறைவு என்பதால், அந்தப் பத்து நாள் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

எச்.ஐ.வி.யில் ரத்தசோகை மிகப் பரவலானது. இந்தியாவில் அந்தத் தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், இதே சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நடந்த ஆய்வில்தான். நீடித்த அழற்சி, உடன்வரும் காசநோய், மஜ்ஜைப் பாதிப்பு ஆகியவற்றோடு, முந்தைய மருந்துக் கூட்டுகளில் இருந்த ஜிடோவுடினும் ரத்தத்தைக் குறைத்தது. இப்போது பெரும்பாலோர் அந்த மருந்து இல்லாத கூட்டுக்கு மாறிவிட்டனர். இன்னும் அதை எடுத்துக்கொள்பவருக்கு ஹெச்.பி. இறங்கினால், இரும்பு மாத்திரை தேடுவதற்கு முன் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் அதைச் சொல்ல வேண்டும்.

நாள்பட்ட ஹெப்படைடிஸ் சி நேர் எதிர். அதில் ஹெப்சிடின் குறைந்து, பூட்டு திறந்தே கிடப்பதால், கல்லீரலில் இரும்பு மிகுதியாகப் படியலாம்.

ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் இருந்தால் இரும்பை வெளியேற்ற மருந்து தர வேண்டாமா?

வேண்டாம். தலசீமியாவுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவரின் உயர்ந்த ஃபெரிட்டின் இரும்பு மிகுதியைக் காட்டுகிறது. கடும் தொற்றில் உயரும் ஃபெரிட்டின் முதன்மையாக அழற்சியின் அளவைக் காட்டுகிறது. சி.ஆர்.பி.யைப் போல இதுவும் அழற்சியில் ஏறும் ஒரு புரதம். டிரான்ஸ்ஃபெரினில் எவ்வளவு பங்கு இரும்பு ஏறியிருக்கிறது என்பதைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற சதவீதம் வேறுபாட்டைச் சொல்லிவிடும்: இரும்பு மிகுதியில் அது உயர்ந்திருக்கும், தொற்றில் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும்.

ஆனால் ஃபெரிட்டின் பத்தாயிரத்தைத் தாண்டி, காய்ச்சல் விடாமல் நின்று, மண்ணீரல் பெருத்து, சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் சேர்ந்து சரிந்தால், எச்.எல்.எச். என்ற நிலையை மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். நோயெதிர்ப்புச் செல்களே கட்டுமீறி ரத்த அணுக்களை விழுங்கும் நிலை அது. டெங்குவிலும் எப்ஸ்டீன்-பார் தொற்றிலும் அரிதாக வருகிறது. அதற்கான சிகிச்சை அழற்சியை அடக்குவது, இரும்பைக் குறைப்பது அல்ல.

ஐ.சி.யூ.வில் தினமும் இவ்வளவு ரத்தம் எடுக்கிறார்களே, அதனாலேயே ரத்தம் குறையாதா?

குறையும். உறவினர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. ஒரு நாளுக்குச் சில குழாய்கள் என்றாலும், இரண்டு வாரம் ஐ.சி.யூ.வில் இருந்தால் அது ரத்ததானத்தில் கொடுக்கும் 350 மில்லிலிட்டரை எட்டிவிடக்கூடும்; அதே நேரத்தில் மஜ்ஜையும் பூட்டப்பட்டிருக்கிறது. பரிசோதனைகளை ஒரே முறையில் சேர்த்து எடுக்கவும், குழந்தைகளுக்கான சிறு குழாய்களைப் பயன்படுத்தவும் முடியுமா என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

ஹெச்.பி. 8 என்றால் உடனே ரத்தம் ஏற்ற வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். 1999இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்று, 838 ஐ.சி.யூ. நோயாளிகளிடம், ஹெச்.பி. 7க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றுவதும், 10க்குக் கீழே போனாலே ஏற்றுவதும் எப்படி அமைகின்றன என்று ஒப்பிட்டது. காத்திருந்து ஏற்றியவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை. அதன் பிறகு 7 என்பதே பொதுவான எல்லையாக நிலைத்தது. இதய நோய் உள்ளவர்களுக்கு 8 வரை உயர்த்திப் பார்ப்பார்கள். ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினால் ஹெச்.பி. சுமார் 1 கிராம் கூடும். அதோடு 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பும் உடலுக்குள் போகிறது.

அப்படியானால் இரும்பு ஊசியாவது போடலாம் அல்லவா? இரண்டு பாட்டில் போட்டால் தெம்பு வருமே?

‘தெம்புக்கு ஒரு பாட்டில்’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கடும் தொற்று நடந்துகொண்டிருக்கும்போது இரும்பை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவதைத் தவிர்ப்பதே ஏற்கப்பட்ட நடைமுறை. காரணம் எளிது: உடல் பூட்டிவைத்த பொருளை வெளியிலிருந்து கொட்டினால், மஜ்ஜைக்குப் போவதைவிட மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் போய் முடங்குவதே அதிகம், ரத்தத்தில் மிதக்கும் மிச்சம், வைரஸுக்குப் பின்னால் நுழையக் காத்திருக்கும் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் தீனியாகலாம். 2021இல் கொரோனாவுக்குப் பின் வந்த கறுப்புப் பூஞ்சையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முதன்மைக் காரணங்கள் கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் என்றாலும், அந்தப் பூஞ்சை இரும்பை மிகவும் நாடும் இனம் என்பதும், ரத்தத்தில் அமிலம் கூடும்போது டிரான்ஸ்ஃபெரினிலிருந்து இரும்பு கழன்று அதற்குக் கிடைக்கிறது என்பதும் பல ஆண்டுகளாகத் தெரிந்தவை.

மாத்திரையும் டானிக்கும் அவ்வளவு ஆபத்தானவை அல்ல, ஆனால் அந்த நாள்களில் வீண். குடல் வாசல் மூடியிருக்கும்போது விழுங்கிய இரும்பு வயிற்றைப் புரட்டிவிட்டு வெளியேறும், அவ்வளவுதான்.

கர்ப்பிணிகள் ஏற்கெனவே சாப்பிடும் இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் 60 மில்லிகிராம் மாத்திரையைச் சாதாரணச் சளி காய்ச்சலுக்காகத் தாமாக நிறுத்த வேண்டாம். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தொற்று கடுமையானால், மருத்துவர் சில நாள் நிறுத்திவைக்கக்கூடும். அந்த இடைவெளியால் குழந்தைக்குக் கேடு வராது. வீடு திரும்பியதும் மீண்டும் தொடங்க மறந்துவிடுவதுதான் நடைமுறையில் நேரும் தவறு.

உண்மையான இரும்புக் குறைபாடா, தொற்றின் விளைவா என்று எப்படிப் பிரித்தறிவது?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தவர்களுக்கு ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு என்றும், தொற்றோ அழற்சியோ இருக்கும்போது 70க்குக் கீழே இருந்தாலே அப்படிக் கருதலாம் என்றும் கூறுகிறது. அதாவது காய்ச்சலின்போது ஃபெரிட்டின் 50 என்று வந்தால், லேப் தாளில் அது நார்மல் என்றிருந்தாலும், இருப்பு காலியாகியிருக்கலாம். அதற்கு மேல் உள்ள எண்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏற்கெனவே குறைபாடு உள்ளவருக்குத் தொற்றும் சேர்ந்துகொள்வது நம் ஊரில் மிகச் சாதாரணம்.

ஆகவே பரிசோதனைக்குச் சரியான நேரம் குணமான பிறகுதான். சி.ஆர்.பி. இறங்கிச் சில வாரங்கள் கழித்து, சி.பி.சி., ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பது, காய்ச்சலின் நடுவில் ஐந்து முறை பார்ப்பதைவிடப் பயனுள்ளது, செலவும் குறைவு. அப்போது குறைபாடு உறுதியானால் மாத்திரையோ ஊசியோ தாராளமாகத் தொடங்கலாம். அதிக மாதவிடாய்ப் போக்கு, குடற்புழு, மூலம் என்று காரணத்தையும் தேட வேண்டும்.

பீட்ரூட், மாதுளை, சுவரொட்டி: எது உதவும்?

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பீட்ரூட்டிலும் மாதுளையிலும் இரும்பு சொற்பம். ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் நம் பாட்டிமார் சொன்னபடியே சிறந்தவை, ஏனெனில் இறைச்சியில் உள்ள ஹீம் இரும்பு எளிதில் உடலில் சேர்கிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள் ஆகியவற்றின் இரும்பைக் குடல் ஏற்க, எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணை வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பாதி உழைப்பு வீண். இவையெல்லாம் குணமாகிவரும் வாரங்களுக்கானவை. காய்ச்சல் உச்சத்தில் கஞ்சியும் நீராகாரமும் உள்ளே நின்றாலே போதும்.

சித்த மருந்து சேர்த்து எடுக்கலாமா?

நிலவேம்புக் குடிநீரும் அன்னபேதி செந்தூரமும் ஒன்றல்ல. அன்னபேதியும் அயச்செந்தூரமும் இரும்பிலிருந்து செய்யப்படுபவை. இரும்பு மாத்திரைக்குச் சொன்னது அவற்றுக்கும் பொருந்தும். எதைச் சாப்பிட்டாலும், வார்டில் மருந்து விவரம் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கொரோனா வைரஸ் ஹீமோகுளோபினிலிருந்து இரும்பைப் பிடுங்குகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

2020இல் கணினிக் கணிப்பை மட்டும் வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து பரவியது அது. சோதனைச் சான்று எதுவும் அதற்கு ஆதரவாக வரவில்லை.

காய்ச்சல் போய் இரண்டு மாதமாகியும் மாடிப்படி ஏற முடியவில்லை. இதுவும் இரும்பா?

ஒரு பங்கு இருக்கலாம். கொரோனா நோயாளிகளைப் பல மாதங்கள் தொடர்ந்து பார்த்து, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட முடிவுகளில், தொற்றின் முதல் வாரங்களில் இரும்பின் ஒழுங்கு குலைந்து நீடித்தவர்களுக்கே பின்னாளில் சோர்வு போன்ற தொல்லைகள் அதிகம் தொடர்ந்தன என்று தெரிந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, எல்லோருக்கும் இரும்பு கொடுத்தால் தீரும் என்று காட்டவில்லை. தைராய்டு, சர்க்கரை, இதயம் ஆகியவற்றோடு சேர்த்து மேலே சொன்ன மூன்று பரிசோதனைகளையும் செய்துகொள்வது முறை.

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகும் என்கிறார்கள். காய்ச்சலின்போது அப்படிப் போனால் கவலைப்பட வேண்டாம் அல்லவா?

கவலைப்பட வேண்டும். இரும்பினால் கறுக்கும் மலம் பெரும்பாலும் கெட்டியாக, கரும்பச்சை சாயலோடு இருக்கும். குடலில் ரத்தம் கசிந்தால் தார்போலப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்தோடும் போகும். ஆனால் டெங்கு சந்தேகம் உள்ள வாரத்தில் இந்த வேறுபாட்டை வீட்டிலேயே தீர்மானிக்க முயல வேண்டாம். மாத்திரை சாப்பிடுவதையும் கறுப்பாகப் போனதையும் ஒருசேர மருத்துவரிடம் சொல்லுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்திருந்தால் 108ஐ அழையுங்கள்.